2.10 டாலருக்கு ஃபேர்டிரேட் பெரு காபி கிடைக்குமா?

கேள்வி: நான் ரொறொன்ரோவில் ஒரு சின்னக் கோப்பிக் கடை வைத்திருக்கிறேன். கொட்டையை நானே வறுத்து அரைக்கிறேன். பெரு நாட்டுச் சிறு விவசாயிகளின் ஓர்கானிக், ஃபேர்டிரேட் கோப்பி என்று சொல்லி ஒரு முகவர் இரண்டு மூட்டை பச்சைக் கொட்டை தருவதாகச் சொல்கிறார். இறாத்தலுக்கு 2.10 அமெரிக்க டொலர், கடை வாசலிலேயே கொண்டுவந்து இறக்குவாராம். பாதிப் பணத்தை முற்பணமாகக் கேட்கிறார். அவர் அனுப்பிய சான்றிதழின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். நம்பி வாங்கலாமா? நான் கூடக் கொடுக்கிற காசு அந்த விவசாயிக்குத்தான் போகுமா?

பதில்: முதலில் முன்பணம் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சான்றிதழைப் பார்த்தேன். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வடக்குப் பெருவில் உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில், முறையான தணிக்கை நிறுவனம் கொடுத்ததுதான். என்னை உறுத்துவது விலை. சிறு விவசாயிக்குக் குறைந்தபட்ச விலையை உறுதிசெய்கிற ஃபேர்டிரேட் அமைப்பு 2023 ஆகஸ்டில் அமல்படுத்திய கணக்கை வைத்துப் பார்ப்போம். நீரில் கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் காபிக்குப் பவுண்டுக்குக் (உங்கள் இறாத்தல்தான்) குறைந்தபட்ச விலை 1.80 டாலர், ஆர்கானிக் என்றால் மேலே 40 செண்ட், அதற்கும் மேலே சங்கத்துக்கான பிரீமியம் 20 செண்ட். மொத்தம் 2.40. இது பெருவின் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும்போது உள்ள விலை. கப்பல் கூலி, காப்பீடு, கிடங்கு வாடகை, லாரி, நடுவில் இருப்பவரின் லாபம் எதுவும் இதில் சேரவில்லை. நியூயார்க் சந்தை விலை 1.80க்கு மேலே போனால் சந்தை விலையைத்தான் கொடுக்க வேண்டும், அதன் மேல்தான் அந்த 60 செண்ட். 2025 பிப்ரவரியில் சந்தை விலை மட்டுமே 4 டாலரைத் தாண்டி நின்றது. அப்படியிருக்க, கடல் கடந்து உங்கள் கடை வாசலுக்கு வந்து இறங்குகிற காபி எப்படி 2.10 ஆகும்?

இதற்கு நியாயமான விளக்கம் ஒன்றே ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் அந்த முகவருக்கு அநியாயம் செய்தவனாவேன். பழைய சரக்கு. வடக்குப் பெருவில் அறுவடை ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை போகும். அது காய்ந்து, தோல் நீக்கி, பைட்டா துறைமுகம் வழியாகக் கிளம்பி வட அமெரிக்கக் கிடங்குக்கு வந்து சேர ஆண்டின் கடைசி ஆகிவிடும். பச்சைக் கொட்டை ஒரு வருடம் நன்றாக இருக்கும். அதன் பிறகு நீலமும் பச்சையும் கலந்த நிறம் வெளுத்து மஞ்சளாகும், வறுத்துக் குடித்தால் சாக்கு வாசனையும் ஈரக் காகிதச் சுவையும் வரும். அப்படித் தேங்கிப்போன சரக்கை இறக்குமதியாளர்கள் நட்டத்துக்குத் தள்ளிவிடுவது உண்டு. அதில் மோசடி இல்லை, விவசாயிக்கான பணம் முன்பே போய்ச் சேர்ந்திருக்கும், நட்டம் இறக்குமதியாளருடையது.

இந்த விளக்கம் உங்கள் விஷயத்தில் பொருந்துமா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2023க்கு முந்தைய கணக்கில் குறைந்தபட்ச விலை 1.40, ஆர்கானிக்குக்கு 30 செண்ட், பிரீமியம் 20, ஆக 1.90. அப்போது வாங்கிய சரக்கு என்றால் 2.10 நடக்கக்கூடியதுதான் என்று தோன்றும். ஆனால் 2022இல் பெரும்பாலான மாதங்கள் சந்தை விலையே 2 டாலருக்கு மேல் இருந்தது. ஆகவே 1.90க்கு வாங்கியிருந்தால் அது அநேகமாக 2020 வாக்கில் வந்த மூட்டையாக இருக்க வேண்டும், அதை இன்று வாடிக்கையாளருக்கு ஊற்றிக் கொடுக்க முடியாது. அண்மையில் வாங்கி நட்டத்துக்கு விற்கிறார் என்றால் எந்த அறுவடை, ஏன் நட்டம் என்று அவரே தயங்காமல் சொல்வார், கிடங்கின் ரசீதையும் காட்டுவார். இன்னொன்று, பழைய சரக்கு நெடுநாள் இருந்த கிடங்கில் பூச்சிக்காகப் புகை மருந்து அடித்திருந்தால் காபியின் ஆர்கானிக் தகுதியே போய்விடும், சான்றிதழில் என்ன எழுதியிருந்தாலும் சரி. அதனால் எந்த ஆண்டு அறுவடை, எந்தக் கிடங்கில் எத்தனை மாதம் இருந்தது என்று எழுத்தில் கேளுங்கள். 300 கிராம் மாதிரி வாங்கி வறுத்துப் பாருங்கள். அவ்வளவு பழசு என்றால் உங்கள் மூக்கே சொல்லிவிடும்.

இனி அந்தச் சான்றிதழ். இந்தத் தொழிலில் எனக்குப் பதினைந்து வருடமாக எரிச்சல் மூட்டுகிற விஷயம் இது. சங்கத்தின் சான்றிதழ் சொல்வது 'இவர்கள் ஆர்கானிக் முறையில் பயிரிடத் தகுதி பெற்றவர்கள்' என்பதை மட்டும்தான். 'உங்களிடம் வந்திருக்கிற இந்த மூட்டை அவர்களுடையது' என்று அது சொல்லவே இல்லை. ஒருவரிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது என்பதால் அவர் ஓட்டி வந்த வண்டி அவருடையது ஆகிவிடாது, இல்லையா? சங்கங்கள் வாங்குபவர் கேட்டாலே சான்றிதழை அனுப்பிவிடும், சில நேரம் இணையத்திலேயே கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு வேறு எங்கோ வாங்கிய மூட்டைக்குத் துணையாகக் காட்டுகிற தரகர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை ஒரே சங்கத்தின் ஒரே சான்றிதழ் நகல் ஒரே மாதத்தில் மூன்று வேறு ஆட்களிடமிருந்து என் மேசைக்கு வந்தது. சங்கத்துக்கு எழுதிக் கேட்டேன். மூவரில் ஒருவருக்குத்தான் அவர்கள் காபி விற்றிருந்தார்கள், மற்ற இருவர் பெயரையும் அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியது அந்தக் குறிப்பிட்ட சரக்குக்கான பரிவர்த்தனைச் சான்று. யார் விற்றார், யார் வாங்கினார், எத்தனை கிலோ, எந்த லாட் எண் (ஒரே தொகுதியாக அனுப்பிய சரக்கின் எண்) என்று அதில் இருக்கும். பெருவில் இருந்து வரும் மூட்டை வழக்கமாக 69 கிலோ. சாக்கில் அச்சடித்த எண்களில் நாடு, ஏற்றுமதியாளர், லாட் மூன்றும் அடையாளம் தெரியும். அந்த எண் காகிதத்தோடு ஒத்துப்போக வேண்டும், சாக்கின் படம் அனுப்பச் சொல்லுங்கள். சங்கத்தின் ஃபேர்டிரேட் அடையாள எண்ணை வாங்கி, அந்த அமைப்புக்காகத் தணிக்கை செய்யும் ஃப்ளோசெர்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம், அமெரிக்க வேளாண் துறையின் ஆர்கானிக் தகவல்தளத்தில் சங்கத்தின் பெயரைத் தேடினால் சான்று நடப்பில் இருக்கிறதா, நிறுத்திவைக்கப்பட்டதா என்று தெரியும். இரண்டும் இலவசம், பத்து நிமிட வேலை. முகவரின் பெயரையும் தேடுங்கள். மூட்டைக்குச் சொந்தக்காரராக நடுவில் நின்று ஃபேர்டிரேட் என்று சொல்லி விற்கிற வியாபாரி அந்த அமைப்பின் சங்கிலியில் பதிவானவராக இருக்க வேண்டும், ஏனென்றால் காபியில் எந்த மூட்டை யாரிடம் இருந்து யாருக்குப் போனது என்பதைத் தொடர்ந்து காட்டியாக வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பிறகு அது சாதாரணக் காபிதான்.

'சங்கத்திடம் நேரடியாக வாங்கினேன், முத்திரை இல்லாமல் வாங்கினதால் மலிவு' என்று அவர் சொல்லக்கூடும். இது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. சங்கங்களின் விளைச்சல் முழுவதற்கும் ஃபேர்டிரேட் விலைக்கு ஆள் கிடைப்பதில்லை, மிச்சத்தைச் சாதாரண விலைக்கு விற்கிறார்கள். அதை நீங்கள் வாங்கலாம், குடிக்கலாம். ஆனால் கடைப் பலகையில் ஃபேர்டிரேட் என்று எழுதக் கூடாது, அந்த விலையை யாரும் கொடுக்கவில்லை. 'நேரடி வணிகம்' என்ற சொல்லுக்கு ஒரு வரையறையும் கிடையாது, யாரும் எதிலும் ஒட்டிக்கொள்ளலாம். அப்படிச் சொல்பவரிடம் யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. நேர்மையான சரக்காகவே இருந்தாலும் அந்த 2.40 விவசாயியின் கைக்குப் போவதில்லை, சங்கத்துக்குப் போகிறது. 20 செண்ட் பிரீமியத்தை எதற்குச் செலவு செய்வது என்று உறுப்பினர்கள் பொதுக்குழுவில் முடிவு செய்வார்கள், அதில் குறைந்தது 5 செண்ட் தரத்துக்கும் விளைச்சலுக்கும் போக வேண்டும். மீதி 2.20இல் ஆலைக் கூலி, துறைமுகம் வரை லாரி, வங்கி வட்டி, தணிக்கைக் கட்டணம் எல்லாம் கழியும். ஆர்கானிக்குக்கான 40 செண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எக்டேர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு எக்டேருக்கு 700 கிலோ பச்சைக் கொட்டை கிடைத்தால் அது நல்ல வருடம். மொத்தம் 1,400 கிலோ, சுமார் 3,080 பவுண்டு, முழுவதும் முத்திரையோடு விற்றால் ஆண்டுக்கு 1,230 டாலர் கூடுதல். களைக்கொல்லி அடிக்காமல் கையால் களை வெட்டும் கூலியையும் தொழு உரத்தையும் அதிலிருந்தே சமாளிக்க வேண்டும். விளைச்சலில் ஒரு பகுதிக்குத்தான் அந்த விலை கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு மெல்லிய நூலில் இது நிற்கிறது என்று புரியும்.

வடக்குப் பெருவில் உள்ள ஹயென் நகரத்துக்குப் போனபோது பார்த்தேன். காஹமார்க்கா மாநிலத்தின் காபிப் பகுதிக்கு அதுதான் சந்தை. சாலை ஓரமெங்கும் தார்ப்பாயில் பார்ச்மென்ட் (உள்தோல் நீக்காத கொட்டை) காய்ந்துகொண்டிருந்தது, பக்கத்திலேயே தராசோடு கொள்முதல்காரர்கள், அங்கே அகோபியடோர் என்பார்கள். ஒரு விவசாயி சரியாகக் காயாத நான்கு மூட்டையைக் கோவேறு கழுதையில் ஏற்றி வந்து, ஈரத்துக்கென்று எடையைக் குறைத்ததையும் பொறுத்துக்கொண்டு அங்கேயே விற்றுவிட்டுப் போனார். அவர் ஒரு ஆர்கானிக் சங்கத்தின் உறுப்பினர். சங்கத்துக்குப் போட்டிருந்தால் விலை கூடுதல், ஆனால் சங்கம் ஒரு பகுதியை இப்போது கொடுத்துவிட்டு மிச்சத்தை ஏற்றுமதி முடிந்துதான் தரும். பழம் பறித்தவர்களுக்கான கூலி சனிக்கிழமையே வேண்டும். வாங்குபவர்கள் ஒப்பந்த மதிப்பில் 60 சதவீதம் வரை முன்கூட்டியே கடனாகத் தர வேண்டும் என்று ஃபேர்டிரேட் விதி இருக்கிறது, சங்கம் கேட்டால். கேட்டால் அடுத்த ஒப்பந்தம் வராதோ என்று பயந்து கேட்காத சங்கங்களை எனக்குத் தெரியும். அந்த விவசாயியின் ஆர்கானிக் காபி அந்தத் தராசில் ஏறிய நிமிடமே சாதாரணக் காபி ஆகிவிட்டது, அவருடைய மூன்று வருடப் பொறுமையோடு சேர்த்து.

மூன்று வருடம் என்றது ஆர்கானிக்குக்கு மாறும் காலம். மாறத் தொடங்கி 36 மாதம் வரை மருந்தும் போடக் கூடாது, ஆர்கானிக் விலையும் கிடையாது. இன்னொரு கொடுமை, பெருவில் பல இடங்களில் சான்றிதழ் விவசாயிகளின் பெயரில் இல்லாமல் ஏற்றுமதி நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அந்த நிறுவனத்துக்கு விற்றால்தான் அது ஆர்கானிக், அடுத்தவருக்கு விற்றால் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018/848 என்ற புதிய விதியில், குழு விவசாயிகளுடையதாக, சட்டப்படி தனி அமைப்பாக இருக்க வேண்டும், ஒரு குழுவில் 2,000 பேருக்கு மேல் கூடாது என்று கொண்டுவந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் பெரிய சங்கம் உடைந்து இரண்டாக, மூன்றாகப் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தணிக்கை, தனிக் கட்டணம். விஷம் தெளிக்காத மனிதர் தெளிக்கவில்லை என்று நிரூபிக்கக் காசு கட்டிக்கொண்டே இருக்கிறார், தெளிப்பவர் ஒன்றும் கட்டுவதில்லை. இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் தலையாட்டிவிட்டு அடுத்த படிவத்தை நீட்டுகிறார்கள்.

அப்படியானால் வாங்குவது வீணா என்றால் இல்லை. சந்தை 1 டாலருக்குக் கீழே விழுந்த 2019 போன்ற வருடங்களில் அந்தக் குறைந்தபட்ச விலைதான் பல குடும்பங்களைத் தோட்டத்தில் நிறுத்தியது. உங்கள் பக்கமிருந்து பார்த்தால், ஒரு பவுண்டு பச்சைக் கொட்டை வறுத்தால் 375 கிராம் வரும், கோப்பைக்கு 18 கிராம் என்றால் இருபது கோப்பை. 60 செண்ட் கூடுதல் என்பது கோப்பைக்கு 3 செண்ட். அதை உங்கள் கடை தாங்கும்.

முத்திரை பார்த்து வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரே சொல்லாக 'ஃபேர்டிரேட்' என்று இருப்பது சர்வதேச அமைப்பு, காபியில் சிறு விவசாயிகளின் சங்கங்களுக்கு மட்டும் தருகிறது. அமெரிக்க அமைப்பு 2011 கடைசியில் அதிலிருந்து பிரிந்து, பெரிய எஸ்டேட்டுகளுக்கும் தன் முத்திரையைத் தருகிறது. சிறு விவசாயி என்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் முதலாவதைப் பாருங்கள், அல்லது லத்தீன் அமெரிக்கச் சிறு உற்பத்தியாளர்களே உருவாக்கிய எஸ்.பி.பி. முத்திரையைப் பாருங்கள். நீங்களே வறுப்பதால் இன்னொன்றும் உண்டு. மூட்டை உண்மையானதாகவே இருந்தாலும், வறுத்துப் பையில் போட்டு அந்த முத்திரையை ஒட்ட உங்களுக்குத் தனி உரிமம் வேண்டும், ஆர்கானிக் முத்திரை ஒட்ட அதற்கும் தனிச் சான்று. அது இல்லாதவரை உரிமம் உள்ள நிறுவனம் வறுத்து மூடிய பொட்டலத்தை அப்படியே வாங்கி விற்பதுதான் பாதுகாப்பு.

இன்றைக்கே அந்த முகவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். அறுவடை ஆண்டு, லாட் எண், அந்த லாட்டுக்கான பரிவர்த்தனைச் சான்று, சாக்கின் படம், 300 கிராம் மாதிரி. இவ்வளவும் வந்தால் எனக்கு அனுப்புங்கள், சங்கத்துக்கு நானே ஸ்பானிஷில் எழுதிக் கேட்டுச் சொல்கிறேன். ஒரு வாரத்தில் வரவில்லை என்றால், அல்லது 'வேறொருவர் வாங்கக் காத்திருக்கிறார், இன்றே பணம் போடுங்கள்' என்று பதில் வந்தால், அவருடைய தொலைபேசி எண்ணை அழித்துவிடுங்கள்.