பழைய காரில் ஸ்காட்லாந்தின் ஏரிகளையும் மலைகளையும் ஒரே நாளில் சுற்றி வர எந்த வழி ஏற்றது?

ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான காரில் கிளாஸ்கோவிலிருந்து புறப்பட்டு ஒரே நாளில் திரும்ப முடியுமா, முடியுமென்றால் எந்த வழியாகப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். சென்ற ஆண்டு ஜூன் மாதம் நண்பர் ஒருவரின் 1966ஆம் ஆண்டு மோரிஸ் மைனரில், அவரும் நானும் மாறி மாறி ஓட்டி, ஏறத்தாழ 240 கிலோமீட்டர் சுற்றிவிட்டு இருட்டும் முன் வீடு சேர்ந்தோம். அங்கே ஜூனில் இரவு பத்து மணி வரை சூரியன் மறைவதில்லை என்பதால் அவசரப்பட வேண்டிய தேவை இருக்கவில்லை.

நாங்கள் சென்ற வழி இது: ஏ82 சாலையில் லாக் லோமண்ட் ஏரியின் மேற்குக் கரையோரமாக டார்பெட் வரை, அங்கிருந்து இடப்புறம் திரும்பி ஏ83இல் அராக்கர், இன்வரேரி, பிறகு ஏ819இல் டால்மாலி, ஏ85இல் டைன்ட்ரம், கடைசியாக ஏ82இல் கிரியன்லாரிக், ஆர்ட்லூயி வழியாக மீண்டும் டார்பெட். இந்த வட்டத்தை எந்தத் திசையிலும் சுற்றலாம். ஆனால் பழைய கார் என்றால் கடிகாரம் சுற்றும் திசையிலேயே செல்லுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

அதற்கு முதற்காரணம் பிரேக். மோரிஸ் மைனருக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகள்தாம் (சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில் லைனிங் என்னும் உராய்வுப் பட்டையை அழுத்தி நிறுத்துபவை). நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரிந்து, லைனிங்கின் பிடிமானம் குறைந்து, கடைசியில் மிதி இறங்குமே தவிர வண்டி நிற்காது. இந்தப் பயணத்தில் மிகச் செங்குத்தான பகுதி, அராக்கருக்கு அப்பால் கிளென் குரோ பள்ளத்தாக்கிலிருந்து 'ரெஸ்ட் அண்ட் பி தேங்க்ஃபுல்' கணவாய்க்கு ஏறும் சாலையாகும். நான் சொல்லும் திசையில் சென்றால் அந்தச் செங்குத்து ஏற்றமாக அமைந்துவிடும். மறுபக்கத்து இறக்கமோ லாக் ஃபைன் கரை வரை சற்று மென்மையாகவே செல்கிறது.

கணவாயின் உயரம் 245 மீட்டர்தான். ஊட்டிக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பழகியவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் 1098 சிசி எஞ்சினின் 48 குதிரைத்திறனை நம்பி, மரம் ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது எனக்கு அது பெரிதாகவே தோன்றியது. இந்தக் காரின் முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ், அதாவது கியர்களின் வேகத்தைத் தானே ஒத்திசைக்கும் அமைப்பு, கிடையாது. ஓட்டத்திலேயே அதற்கு இறக்க வேண்டுமானால் கிளட்சை இருமுறை மிதித்து மாற்றும் டபுள் கிளட்ச் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மதுரையில் அம்பாசடர் டாக்சி ஓட்டிய என் தந்தையிடம் கற்ற அந்த வித்தை ஸ்காட்லாந்து மலையில் பயன்படும் என்று நான் எண்ணியதே இல்லை. (அம்பாசடரும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்ததுதான் என்பதால், மைனரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபோதே ஏதோ பழகிய உறவு போல இருந்தது.) எஞ்சின் சூடேறிய வாடை வந்ததும் நண்பர் ஹீட்டரை முழுவதுமாகத் திறந்துவிட்டார். ரேடியேட்டரின் சூட்டில் ஒரு பகுதி எங்கள் கால்களுக்கு வந்து சேர்ந்ததே தவிர, நீர் கொதிக்கவில்லை.

உச்சியில் ஒரு கல் நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த இராணுவச் சாலையை அமைத்த படைவீரர்கள், ஏறி வருபவர் இளைப்பாறி நன்றி செலுத்தட்டும் என்று பொறித்து நட்ட கல்லின் பெயரே இந்த இடத்துக்கும் ஆகிவந்தது. அங்கிருந்து கீழே பார்த்தால் பழைய சாலை தனியே ஓடுவது தெரியும். கனமழையில் மலைச்சரிவு இடிந்து மேற்சாலையில் விழும்போது, வண்டிகளை அந்தப் பழைய சாலை வழியாக அணி அணியாக ஒருபுறம் மாற்றி ஒருபுறம் அனுப்புவார்கள். ஆகவே புறப்படுமுன் சாலை நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தகைய காத்திருப்பில் விளக்கு, வைப்பர், ஹீட்டர் விசிறி மூன்றும் ஒன்றாக ஓடினால், ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ உள்ள காரில் பேட்டரி இறங்கத் தொடங்கும், ஏனெனில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோ போதிய மின்சாரம் தருவதில்லை.

'லாக்' என்பதை ஏரி என்றே எழுதுகிறோம். அது முழுக்கப் பொருந்துவதில்லை. நம் ஏரிக்குக் கரையும் மதகும் கலிங்கலும் உண்டு. அது மனிதர் வெட்டியது. லாக் லோமண்டோ பனியாறு குடைந்த பள்ளம், ஆழமான இடத்தில் 190 மீட்டர். லாக் ஃபைன் ஏரியே அன்று, நிலத்துக்குள் நீண்டு நுழைந்த கடல். கரையில் கடற்பாசி கிடக்கும், நீர் ஏறி வற்றும். அராக்கரிலுள்ள லாக் லாங்கும் அப்படிப்பட்டதே. 1263இல் நார்வே நாட்டுப் படையினர் அங்கிருந்து தங்கள் படகுகளை நிலத்தின் மேல் இழுத்துச் சென்று டார்பெட்டில் லாக் லோமண்டில் இறக்கிக் கரையோர ஊர்களைச் சூறையாடினர். அந்த இடைநிலத்தைக் காரில் சில நிமிடங்களில் கடந்துவிடலாம்.

இன்வரேரியில் வெள்ளைச் சுவர் வீடுகளும் ஆர்கைல் கோமகனின் கோட்டையும் உள்ளன. கூட்டம் மிகுதியாக இருந்ததால் நாங்கள் தேநீர் அருந்தியதோடு கிளம்பிவிட்டோம். என்னைக் கேட்டால், மிச்சப்படுத்தும் நேரத்தை லாக் ஆ என்னும் ஏரியின் முனையில் நிற்கும் கில்ஹர்ன் கோட்டைக்குக் கொடுக்கலாம். 15ஆம் நூற்றாண்டில் கேம்ப்பெல் குலத்தார் கட்டிய அந்தக் கோட்டை 18ஆம் நூற்றாண்டில் இடி விழுந்து சிதைந்தது. அப்போது பெயர்ந்து விழுந்த கோபுர உச்சி ஒன்று இன்றும் முற்றத்தில் தலைகீழாகவே கிடக்கிறது. காரைச் சாலையோரம் நிறுத்திவிட்டுச் சிறிது தூரம் நடக்க வேண்டும். மாலையானால் மிட்ஜ் என்னும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிகள் மொய்க்கும் என்பதால், அங்கே நண்பகலில் இருப்பது நல்லது.

டைன்ட்ரமில் பெட்ரோல் போடும்போது, இன்னும் ஒரு மணி நேரம் வடக்கே போனால் கிளென்கோ மலைப் பள்ளத்தாக்கு என்ற ஆசை வரும். அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலப்பதால், பழைய ரப்பர் குழாய்களைக் காக்க எத்தனால் குறைவான 'சூப்பர்' வகையையே போட வேண்டும்.

திசைக்கு நான் சொல்லும் இரண்டாவது காரணம் ஆர்ட்லூயிக்கும் டார்பெட்டுக்கும் இடையே விளங்கும். அங்கே சாலை மிகக் குறுகி, ஒருபுறம் பாறையும் மறுபுறம் நீருமாக வளைந்து செல்கிறது. தெற்கு நோக்கி வருபவருக்கு இடப்பக்கம் நீர். எனவே பாறையை உரசும் அச்சமும் இல்லை, பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு முழு ஏரியும் கிடைக்கும். மணிக்கு 45 மைலில் நாங்கள் ஊர்ந்ததால் பின்னால் வரிசை நீண்டது. ஒதுங்கிடம் கண்ட போதெல்லாம் ஒதுங்கி வழிவிட்டோம். நீண்ட வரிசையைப் பின்னால் தேக்கி வைக்கக் கூடாது என்று அங்குள்ள சாலை விதிக் கையேடும் சொல்கிறது. அப்படி ஒதுங்கிய ஓரிடத்தில்தான், மேகம் விலகி, எதிர்க்கரையில் பென் லோமண்ட் உச்சி வரை தெளிவாகத் தெரிந்தது. அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டோம்.

செலவானது ஏறத்தாழ 19 லிட்டர் பெட்ரோல். மறுநாள் காலை ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்த நண்பர், அரை லிட்டர் குறைந்திருப்பதாகவும், இந்த வயதில் அவ்வளவு குடிப்பது வழக்கம்தான் என்றும் சொன்னார். டிக்கியில் ஒரு லிட்டர் ஆயில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.