கேள்வி-பதில்: பெட்டிக்குள் ராஸ்பெர்ரி பை

கே: கடையில் விளம்பரத் திரை ஓட்ட நல்ல விலை கொடுத்து ஒரு பெட்டி வாங்கினேன். திறந்து பார்த்தால் உள்ளே பிள்ளைகள் செய்து பழகும் ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு. ஏமாற்றுதானே?

ப: இல்லை. 2012-இல் மாணவர்களுக்காக வந்த போர்டுதான். இன்று அதில் பெரும்பங்கை வாங்குவது நிறுவனங்கள். சில நூறு பெட்டி விற்பவர் சொந்தமாக போர்டு வடிவமைத்து, வைஃபைக்குச் சான்றிதழ் வாங்கி, லினக்ஸ் இயங்குதளத்தையும் ஓட வைப்பதற்குள் முதல் கரைந்துவிடும். இதில் எல்லாம் தயாராக இருக்கிறது. 2030-களிலும் தயாரிப்போம் என்ற உறுதியும் இருக்கிறது. நீங்கள் காசு கொடுத்தது மென்பொருளுக்கும் சர்வீசுக்கும். அவை சரியில்லை என்றால் சண்டை போடுங்கள்.

கே: பெட்டி அடிக்கடி பூட் ஆவதில்லை. மெமரி கார்டை மாற்றினால் ஓடுகிறது. 'உங்கள் கரண்ட் சரியில்லை' என்று ஒவ்வொரு முறையும் கார்டுக்குக் காசு வாங்குகிறார்கள்.

ப: இனி ஒரு பைசா கொடுக்காதீர்கள். கரண்ட் போவது எங்கும் உள்ளதுதான். அதைத் தாங்கும்படி செய்வது விற்பவர் வேலை. சாதாரண கார்டில் லாக், அதாவது பெட்டி தன் வேலைகளைக் குறித்துவைக்கும் பதிவு, ஓயாமல் எழுதப்பட்டுக்கொண்டிருந்தால் கார்டு தேயும். எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் ஃபைல்கள் கெடும். கார்டை வாசிக்க மட்டும் வைத்து, லாக்கை ரேம் என்ற தற்காலிக நினைவகத்துக்கு மாற்ற ராஸ்பெர்ரி பை செட்டிங்கிலேயே வழி உண்டு. தொழில் உபயோகத்துக்கென்றே, சேமிப்பு போர்டிலேயே பதித்த 'கம்ப்யூட் மாட்யூல்' என்ற ராஸ்பெர்ரி பை வகை 2014-இல் வந்துவிட்டது. இரண்டையும் செய்யாமல் போர்டின் மேல் பழி போடுகிறார்கள். நான் வாங்கிய வருகைப்பதிவுப் பெட்டியிலும் இதே கூத்து. மூடியைக் கழற்றினால், கார்டு நழுவாமலிருக்க செலோடேப்! வாரண்டியில் கார்டு சேராதாம். எழுத்தில் புகார் கொடுங்கள், செத்த கார்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

கே: ரசீது வாங்கவில்லை. விற்றவர் போனை எடுப்பதில்லை. என்ன செய்ய?

ப: அடுத்த முறை ரசீது வாங்குங்கள்.

கே: சிப் தட்டுப்பாட்டின்போது ராஸ்பெர்ரி பை கம்பெனிக்காரர்கள் எங்களைப் போன்ற ஆர்வலர்களை விட்டுவிட்டு நிறுவனங்களுக்கே போர்டு கொடுத்தார்களாமே?

ப: உண்மை. 2021-இல் தொடங்கிய தட்டுப்பாட்டில் நிறுவனங்களுக்கே முன்னுரிமை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். போர்டு வராவிட்டால் அவர்கள் உற்பத்தி நின்றுவிடும், உங்களுடையது தள்ளிப்போகும் என்பது கணக்கு. அந்தச் சாக்கில் பன்மடங்கு விலைக்கு விற்றவர்கள் மீதுதான் என் கோபம்.

கே: பெட்டி எப்போதும் நெட்டில் இருக்கிறது. யூசர் 'பை', பாஸ்வேர்டு 'ராஸ்பெர்ரி'. பரவாயில்லையா?

ப: உலகத்துக்கே தெரிந்த பாஸ்வேர்டு அது. 2022-இல் புதிய சாஃப்ட்வேரிலிருந்து அந்த யூசரையே ராஸ்பெர்ரி பை கம்பெனிக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். முதலில் நெட் கேபிளைக் கழற்றுங்கள்.