பஸ் மேடேறும்போது லைன் கட்டானால் பிளானை மாற்றலாமா?

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகள் ஈப்போவில் வேலை முடிந்து இரவு பாக்டரி பஸ்ஸில் வரும்போது வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே வருவாள். தோட்டத்து மேட்டருகே தினமும் லைன் கட்டாகிவிடுகிறது. மாதம் 30 ரிங்கிட் கூடுதலான பிளானுக்கு, 24 மாத ஒப்பந்தத்தில் மாறச் சொல்கிறார் கடைக்காரர். மாறலாமா?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. இரவில் வரும் பெண்ணின் குரல் பாதியில் நின்றால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அந்த 30 ரிங்கிட் அதைத் தீர்க்காது.

பஸ் ஓட ஓட கைப்பேசி ஒரு கோபுரத்தை விட்டு அடுத்த கோபுரத்துக்கு மாறிக்கொண்டே வருகிறது. சுற்றிலும் எந்த அலை பலமாக இருக்கிறது என்று கைப்பேசி அளந்து சொல்லும். எப்போது மாற்றுவது என்பதை நெட்வொர்க் முடிவு செய்யும். மேட்டின் மறைவில் பழைய அலை தேய்ந்து, புதியது இன்னும் எட்டாமல் இருந்தால் பேச்சு அறுந்துவிடும். அடுத்த கோபுரத்தில் இடமில்லாவிட்டாலும் அப்படித்தான். புதிதாக டயல் செய்பவருக்கு இடமில்லை என்றாலும் பரவாயில்லை, பேசிக்கொண்டிருப்பவரை வெட்டக் கூடாது என்று கொஞ்சம் இடத்தை ஒதுக்கிவைக்கும் முறையும் உண்டு. உங்களுக்குத் தினமும் ஒரே இடத்தில் அறுகிறது. அப்படியானால் பெரும்பாலும் அலை எட்டாத குறைதான். கூடுதல் டேட்டா வாங்கினால் அலை வந்துவிடாது.

காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு நேரடியாக நம்பருக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். 4ஜியிலேயே பேசும் வசதிக்கு வோல்ட்இ என்று பெயர். அந்தப் பேச்சுக்கு நெட்வொர்க் தனி முன்னுரிமை தருகிறது. 100 மில்லி விநாடிக்குள் குரல் போய்ச்சேர வேண்டும் என்பது அதன் தரக்கணக்கு. வாட்ஸ்அப் பேச்சு சாதாரண டேட்டா. பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கும் வீடியோவோடு ஒரே வரிசையில் நிற்கும், அதற்கு 300 மில்லி விநாடி வரை அனுமதி. இன்னொன்று: மலேசியாவில் 2021 கடைசியில் 3ஜியை மூடிவிட்டார்கள். 4ஜி தேய்ந்தால் மிச்சம் 2ஜிதான். வோல்ட்இ பேச்சை அறுக்காமல் 2ஜிக்கு மாற்றிவிட வழி உண்டு. வாட்ஸ்அப் பேச்சு 2ஜியில் தாங்காது.

மகளின் கைப்பேசி செட்டிங்ஸில் வோல்ட்இ திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த செட் என்றால் நம் ஊர் லைனில் அது வேலை செய்யாமலும் போகலாம்.

அப்புறமும் அறுந்தால், அதே பஸ்ஸில் வரும் வேறு கம்பெனி சிம் வைத்திருப்பவரிடம் மேட்டருகே லைன் நிற்கிறதா என்று கேளுங்கள். நின்றால், ஒரு பிரிபெய்ட் சிம் வாங்கி ஒரு வாரம் சோதித்துவிட்டு, பழைய நம்பரோடே அங்கே மாறிக்கொள்ளலாம். யாருக்குமே நிற்கவில்லை என்றால் இடம், நேரம் குறித்து உங்கள் கம்பெனியில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். பதில் சரியில்லை என்றால் அந்த எண்ணோடு, தொலைபேசிக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எம்.சி.எம்.சி.யிடம் போகலாம். அனுமதி பெறாத சிக்னல் பூஸ்டரை மட்டும் யார் சொன்னாலும் வாங்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், அக்கம்பக்கத்து வீடுகளின் லைனையும் கெடுக்கும்.