எனக்கும் அந்த ஆளுக்கும் ஒரே மோட்சமா?

கேள்வி: எங்கள் அம்மாவின் மூத்த மகன் அம்மாவுடைய தங்கக் காப்பை அடகு வைத்துக் குடித்துவிட்டு வீட்டை விட்டுப் போனார். 17 வருசம் எட்டிப் பார்க்கவில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்கும் வரவில்லை. இப்போது நோயோடு வந்து, குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, ஞாயிறு தவறாமல் பூசையில் நன்மை (நற்கருணை) எடுக்கிறார். அம்மாவைக் கடைசிவரை பார்த்தது நான். பூசையும் தவறவிட்டதில்லை. எனக்கும் அந்த ஆளுக்கும் ஒரே மோட்சம் என்றால், ஒழுங்காக வாழ்ந்து நான் என்னத்தைக் கண்டேன்?
— பெயர் வேண்டாம், தாண்டவன்வெளி, மட்டக்களப்பு

பதில்: சகோதரி, உங்கள் கோபத்தில் பாதி நியாயமானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாவமன்னிப்புக் கிடைத்ததால் காப்புக் கணக்குத் தீர்ந்துவிடாது. மன்னிப்பு பாவத்தை நீக்கும், ஆனால் அந்தப் பாவத்தால் வந்த சேதம் அப்படியேதான் இருக்கும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடிந்ததைச் செய்யவேண்டும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1459ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது. பைபிளில் வரும் வரி வசூலிப்பவரான சக்கேயுவும் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் தருகிறேன் என்றார். ஆனால் எப்போது சொன்னார்? மரத்தில் ஏறியிருந்த அவரை இயேசு இறங்கச் சொல்லி, இன்று உன் வீட்டில்தான் தங்குவேன் என்ற பிறகு. கணக்கை முடித்துவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்று இயேசு சொல்லவில்லை.

சரி, மற்றப் பாதி. என்னத்தைக் கண்டேன் என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் திராட்சைத் தோட்டக் கதையில், விடியலில் வேலைக்கு வந்தவனுக்கும் மாலை 5 மணிக்கு வந்தவனுக்கும் ஒரே தெனாரியம், அதாவது ஒருநாள் கூலி, கிடைக்கிறது. காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். படுவான்கரையில் வேளாண்மை வெட்டுக்கு ஆள் கூப்பிடுவார்கள் என்று சந்தியில் காத்துநின்ற ஒருவரைக் கேட்டுப்பாருங்கள். கூப்பிட ஆளில்லாமல் பொழுது சாயும்வரை நிற்பது ஓய்வா? வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதை நினைத்துக்கொண்டே நிற்கவேண்டும். உங்கள் வீட்டில் 17 வருசம் அப்படி நின்றவர் யார்? அந்த மூத்த மகன்தான். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியது நீங்கள். அம்மா கடைசியாகப் பேசியதைக் கேட்டதும் நீங்கள். அதைக் கூலிக்குச் செய்த வேலைபோல எழுதுகிறீர்கள். அது கூலிக்குச் செய்த வேலை இல்லை, தாயே. அவருக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காத பாக்கியம் அது.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஓர் இடத்திலாவது ‘அண்ணன்’ என்று எழுதவில்லை. அம்மாவின் மூத்த மகன், அந்த ஆள், அவ்வளவுதான். லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனைத் தகப்பன் விருந்து வைத்து ஏற்கும் கதையில், வயலிலிருந்து வந்த மூத்தவனும் தகப்பனிடம் ‘உம்முடைய மகன்’ என்றுதான் சொல்கிறான். தகப்பன் ‘உன் தம்பி’ என்று திருத்துகிறார். வீட்டுக்குள் வரச் சொல்லி அவனையும் வெளியே வந்து கெஞ்சியவர் அதே தகப்பன்தான். மூத்தவன் உள்ளே போனானா என்று அந்தக் கதையில் இல்லை.

காப்பைப் பற்றி அவரிடம் நேரே கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்கும்போது ‘அண்ணா’ என்று கூப்பிட்டுக் கேளுங்கள்.