கடவுச்சொல் மாற்றியும் அஞ்சல் கசிகிறது: பதில்

ஜிமெயில் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் உங்களுக்கு வரும் கடிதங்கள் யாருக்கோ தெரிகின்றன என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்குக்குள்ளே வந்தவர் பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அமைப்புகளில் 'ஃபார்வர்டிங்' (வரும் அஞ்சலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்புவது) பகுதியைப் பாருங்கள். தெரியாத முகவரி இருந்தால் உடனே நீக்குங்கள். அப்புறம் 'ஃபில்டர்'களைப் பாருங்கள்; எந்த அஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் விதிகள் இவை. இங்கேயும் சிக்கல் இருக்கலாம், பலர் எட்டிப் பார்ப்பதில்லை. "பாஸ்வேர்டு" என்ற சொல் உள்ள அஞ்சலை வெளி முகவரிக்கு அனுப்பிவிட்டு இங்கே அழித்துவிடச் சொல்லி ஒரு விதி போட்டிருந்தால், அந்த அஞ்சல் வந்ததே உங்களுக்குத் தெரியாது.

கணக்கைத் திரும்பப் பெற உதவும் மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையவைதானா பாருங்கள். கணக்கில் நுழைந்திருக்கும் தெரியாத கருவிகளை (போன், கணினி) வெளியேற்றுங்கள். இவ்வளவும் முடிந்தபின், நம்பகமான வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல்லை மறுபடி மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) போட்டுவிடுங்கள். அதற்கான குறியீட்டைக் குறுஞ்செய்தியில் பெறுவதைவிட, போனிலேயே குறியீடு தரும் ஆதென்டிகேட்டர் செயலி நல்லது.