நடைப்பயிற்சியை இருமுறை எண்ணாதீர்கள்: கலோரி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 42, உயரம் 158 செ.மீ., எடை 72 கிலோ. நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை. வாரத்தில் ஐந்து நாள் சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) புளோக்குகளைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடக்கிறேன். எத்தனை கலோரி சாப்பிடலாம்?

பதில்: உங்கள் உடல் எடைக் குறியீடு, அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது, 28.8. சிங்கப்பூரில் 27.5 முதலே அதிக ஆபத்து என்று கொள்கிறார்கள் என்பதால், எடையைக் குறைக்க நினைப்பது சரியே. மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரப்படி எடையை 10ஆலும் உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கையும், பெண் என்பதால் 161ஐயும் கழித்தால் ஏறத்தாழ 1,337 வருகிறது. அசையாமல் படுத்திருந்தாலும் உடல் செலவிடும் கலோரி இது. உட்கார்ந்த வேலைக்காக இதை 1.2ஆல் பெருக்கினால் 1,604; நடைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 96 சேர்த்தால் 1,700. பலரும் இலேசான பயிற்சி செய்பவருக்கான 1.375ஆல் பெருக்கி 1,838 என்பார்கள். உங்கள் நடைக்கு அது சற்றுத் தாராளம். 1,700இல் 300ஐக் குறைத்து 1,400 கலோரியில் தொடங்குங்கள். ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி என்பதால், வாரத்திற்குக் கால் கிலோ குறையும்.

கேள்வி: அதே நடைக்கு என் கைக்கடிகாரம் 190 கலோரி காட்டுகிறதே! எனக்கும் 72 கிலோதான். அதைக் கூடுதலாகச் சாப்பிடலாமா?

பதில்: கூடாது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும்போது ஓய்விலிருப்பதைப்போல மூன்றரை மடங்கு செலவாகிறது. 72 கிலோ எடைக்கு முக்கால் மணி நேரத்தில் 189 கலோரி. ஆனால் நீங்கள் அந்நேரம் நாற்காலியில் இருந்திருந்தாலும் 54 செலவாகியிருக்கும். நடையால் வந்தது 135தான். அந்த 135ஐயும், வாரத்தில் ஐந்து நாள் நடையை ஏழு நாளுக்குப் பகிர்ந்து நாளொன்றுக்கு 96 என்று, மேலே அன்றாடத் தேவையில் முன்பே சேர்த்துவிட்டோம். மறுபடியும் அதற்காக ஒரு பரோட்டா சாப்பிட்டால், ஒரே செலவுக்கு இரண்டு ரசீது வாங்குவதாகிவிடும். என்னிடம் கேட்பவர்களில் பாதிப்பேர் இங்கேதான் தவறுகிறார்கள்.

கேள்வி: உணவங்காடி நிலையத்தில் சாப்பிடுபவர் எப்படிக் கணக்கிடுவது?

பதில்: சோற்றைவிட எண்ணெயைக் கவனியுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி. மீன்குழம்பின் மேல் சிவப்பாக மிதப்பதைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு மீனை எடுத்துக்கொண்டாலே பெரிய மிச்சம். தேநீரைத் 'தே ஓ கொசோங்' (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கிறேன். உணவைக் குறைக்கலாமா?

பதில்: இன்சுலினோ, உடலில் இன்சுலின் சுரப்பைக் கூட்டும் சல்ஃபொனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர் உணவைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டினால் சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும். முதலில் பலதுறை மருந்தக மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேசிவிடுங்கள்.

கேள்வி: ஆறு கிலோ குறைந்தபின் எடை நின்றுவிட்டது. ஏன்?

பதில்: உடல் இலேசாகிவிட்டது, பழைய எடைக்குப் போட்ட கணக்கு இனிப் பொருந்தாது. ஆறு கிலோவுக்கு ஓய்வுநிலைச் செலவில் 60, அதை 1.2ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு 72 கலோரி தேவை குறைந்திருக்கிறது. நடைக்கான செலவும் சற்றுக் குறைந்திருக்கும். புதிய எடையை இட்டு மீண்டும் கணக்கிடுங்கள். ஒரு நாள் எடையை நம்பாமல், காலையில் சாப்பிடுமுன் எடுத்த ஏழு நாள் எடையின் சராசரியைப் பாருங்கள்.