காமா கதிர் படித்தால் வேலை உண்டா? தேவகோட்டை ஆச்சிக்குப் பதில்

ஆச்சி, சனிக்கிழமை காரைக்குடிக்கு வந்தபோது, மகள் படிக்க விரும்பும் இயற்பியலைப் பற்றி நீங்கள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "இதைப் படிச்சா எவன் தம்பி வேலை தருவான்?" மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் உங்கள் மகள், எக்ஸ்ரேயைவிட ஆற்றல் மிகுந்த ஒளியான காமா கதிரைப் படமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஐயா காலத்து ஐந்தொகை உங்கள் பெட்டகத்தில் இருக்கும். கணக்கு நேராகவில்லை என்றால், எழுதாமல் விட்ட தொகை எங்கோ இருக்கிறது என்று தேடுவார்கள். 1933இல் ஸ்விக்கி என்ற வானியலாளர் விண்மீன் மண்டலங்களின் கூட்டம் ஒன்றைக் கணக்குப் பார்த்தார். அவை ஓடும் வேகத்துக்கு, கண்ணில் படும் பொருளின் ஈர்ப்பு போதவில்லை. விடுபட்ட அந்தத் தொகைக்குத்தான் இருண்ட பொருள் என்று பெயர்.

இருண்ட பொருளின் துகள்கள் மோதி அழிந்தால் காமா கதிரும், எலக்ட்ரானின் எதிர்ப்பொருளான பாசிட்ரானும் பிறக்கலாம் என்பது ஒரு கணிப்பு. 2011 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஏஎம்எஸ் என்ற கருவி, காந்தத்தில் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்துப் பாசிட்ரான்களை எண்ணி வருகிறது. எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்திருக்கிறது. காரணம் இருண்ட பொருளா, வேகமாகச் சுழலும் இறந்த விண்மீன்களான பல்சார்களா என்பது இன்னும் முடிவாகவில்லை.

நம் நாட்டிலும் காமா கதிரைத் தேடும் வேலை நடக்கிறது. லடாக்கின் ஹான்லேயில், 4,270 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் அகலக் கண்ணாடியோடு மேஸ் தொலைநோக்கி நிற்கிறது. காமா கதிர் காற்றில் மோதினால் சில நானோ நொடி (நொடியின் நூறு கோடியில் சில பங்கு) மட்டும் நீல ஒளி கூம்பாக விரிந்து மினுங்கும்; அதைப் பிடிக்கிறார்கள். மகள் வரைந்தது அந்த ஒளிக்கூம்பைத்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் சரியாக வரைந்திருந்தாள், ஆச்சி.

சரி, சோற்றுக்கு வழி? மறைக்காமல் சொல்கிறேன். ஐந்தாண்டு எம்.எஸ்சி., அப்புறம் பிஎச்.டி. ஐந்தாறு வருஷம். நிரந்தர ஆராய்ச்சிப் பணிகள் குறைவு. ஆனால் பிஎச்.டி. மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. உங்களிடம் கை நீட்ட வேண்டியிருக்காது. நுண்ணிய மின்னணுக் கருவி, நிரல், தரவு எல்லாம் பழகிய கைக்கு வெளியிலும் வேலை இருக்கிறது. புற்றுநோய்க்கு எடுக்கும் பெட் ஸ்கேனில் உடம்புக்குள் நடப்பதும் இதே பாசிட்ரான் வேலைதான். எம்.எஸ்சி.க்கு மேல் கதிரியல் இயற்பியல் டிப்ளமோ முடித்தால், கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் மருத்துவ இயற்பியலாளர் ஆகலாம்.

ஐசர்கள், நைசர் இரண்டும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள். ஐசர்களுக்கான ஐஏடி, நைசருக்கான நெஸ்ட் இரண்டு நுழைவுத் தேர்வுக்கும் விண்ணப்பம் போடுங்கள். பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிந்து வைக்கலாம், அது கையில் இருக்கட்டும். அப்பச்சி சம்மதிக்கவில்லை என்று சொன்னீர்களே, ஞாயிறு காலை அவரையும் கூட்டிவாருங்கள். அந்தப் படம் என்னிடம்தான் இருக்கிறது. அதை வைத்தே அவரிடம் பேசுகிறேன்.